பயிலுநர் ஜெசிந்தா, வயது ஐம்பத்தொன்று

கட்டுத்துணி துவைப்பது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை. அதனால் அது ஜெசிந்தாவின் வேலையாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் இருபது துணி. ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல்களைச் சுற்றிக் கட்டிவைக்கிற சிவப்புக் காடாத்துணி. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அழுக்குத்துணியை அவிழ்த்து, போன வாரம் துவைத்ததைப் போட்டுக் கட்டிவிட்டு, அவிழ்த்ததைக் கட்டைப்பையில் திணித்து வீட்டுக்கு எடுத்துவருவாள். சாயம் நிற்கட்டும் என்று கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊறவைப்பாள். சாயம் நிற்காது. அதற்கென்று தனி வாளி, தனிக் கயிறு. முதல் வருடம் தனி வாளி இல்லாததால் அவள் புருஷன் அந்தோணிசாமியின் மூன்று பனியன்கள் ரோஸ் நிறமாயின. கொத்தனார் வேலைக்கு ரோஸ் பனியனில் போய் சாரத்தின் மேல் நின்ற அனுபவத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

"கவர்மென்டு துணிய நம்ம சோப்புல தொவைக்கிற ஒரே பொம்பள நீதான்டி" என்பார்.

"நீ வேணா சோப்பு கேட்டு மனு எழுதிப் போடு" என்பாள் ஜெசிந்தா. "நானே அத எடுத்து ஃபைல்ல கட்டி வைக்கிறேன்."

திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஓர் அலுவலகத்தில் அவள் பதினேழு வருடமாக வேலை பார்த்தாள். எடுத்தது துப்புரவுப் பணிக்கு, தொகுப்பூதியத்தில். சேர்ந்த இரண்டாம் மாதம் ரெக்கார்டு கிளார்க் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. ஒருநாள் யாரோ, "அந்த மேல்தட்டுல இருக்கிற கட்ட இப்படி எடும்மா" என்றார்கள். எடுத்துக்கொடுத்தாள். இரண்டாவது தடவையில் பாஸ் பண்ணியிருந்தாலும் பத்தாம் வகுப்பு பாஸ்தான் என்பதால், எடுத்த கட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துக்கொண்டாள். மூன்று வருடத்தில் அந்த அறையில் எது எங்கே என்று அவளைத் தவிர யாருக்கும் தெரியாது என்ற நிலை வந்தது. அது வந்துவிட்ட பிறகு மற்றவர்கள் தெரிந்துகொள்ள முயலவில்லை. அதுதான் வசதி.

தாளில், பதினோரு வருடமாக ரெக்கார்டு ரூம் பொறுப்பு அலுவலக உதவியாளர் துரைக்கண்ணுவிடம் இருந்தது. அவருக்கு டஸ்ட் அலர்ஜி. தினமும் காலையில் ரெக்கார்டு ரூம் வாசற்படிவரை வருவார், கழுத்தை மட்டும் உள்ளே நீட்டுவார், ஒரு தும்மல் போடுவார், டீக்கடைக்குப் போய்விடுவார். பொறுப்பு அன்றைக்கு நிறைவேறியது.

இதற்கிடையில் அந்தப் பெரிய புயல் வந்தது. மூன்று நாள் அறைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மேல்தட்டுகளுக்குக் கூரை ஒழுக்கு. ஆயிரத்து நூற்று நாற்பது கட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டு கரைந்து கஞ்சியாகிவிட்டது. மின்விசிறியைப் போட்டு, தாளுக்கு நடுவே பழைய பேப்பர் வைத்து, நாற்பது நாள் அவள் உலர்த்தினாள். திரும்பக் கட்டும்போது சீட்டு எழுதி ஒட்டக் கோந்து கேட்டாள். கோந்து வருவதற்கு ஒரு ஃபைல் போடவேண்டும் என்றார்கள். ஜெசிந்தா வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

அப்படித்தான் புடவை முறை வந்தது. பழைய புடவைகளை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்து, ஊர்ப்பக்கத்துக்கு ஒரு புடவையாக, சிவப்புத்துணிக்கு மேலே, கட்டுகளைக் கட்டினாள். பெருமுக்கல் பக்கத்துக்கு அரக்கு, மகளுக்குச் சடங்கு சுற்றியபோது எடுத்தது. மயிலம் பக்கத்துக்கு மாம்பழ மஞ்சள். இரண்டாவது மஞ்சள் ஒன்று இருந்தது, அது வேறு பக்கத்துக்கு. ஒன்று சுங்கடி, ஒன்று பாலியஸ்டர், தொட்டுப்பார்த்தால் தெரியும். முப்பத்திரண்டு ஊர்ப்பக்கம், முப்பத்திரண்டு புடவை. போதாமல் நாத்தனாரிடம் ஆறு வாங்கினாள். நாத்தனார், "எம் பொடவையில எந்த ஊரக் கட்டிக்கினு கீற?" என்று விசாரித்து, தன் மாமியார் ஊர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுத்தாள்.

அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். விழுப்புரத்தில் வேறொரு அலுவலகத்தில் குப்பம்மாள், காணை ஊர்க்காரி, ஜெசிந்தாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவளைத் தண்ணீர் எடுத்துவைக்க வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவளும் ரெக்கார்டு ரூமில்தான் இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் வரும்.

"ஜெசி, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா. கேப்பைக் களி. சொல்லு."

"எம்பத்தாறுல ஒரு ஃபைலு. எங்காளு இல்லேன்னு எழுதி மூடப் போறாரு. மனுசன் மூணு தபா நடந்துட்டான், பாவம். எங்கடி இருக்கும்?"

"கேசுக்குப் போன ஃபைலா?"

"ஆமா."

"அப்ப வருஷத்துல தேடாதே. கோர்ட்டுலேந்து திரும்பி வந்தத எவன் ஏணி போட்டு மேல வெச்சிருப்பான்? ஜன்னலாண்ட அடுக்கிப் போட்டிருப்பான். ஜன்னலாண்ட பாரு."

ஜன்னலாண்டதான் இருந்தது. செஞ்சியிலும் வானூரிலும் இதேபோல இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதுவரை நாலு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே தடவை, குப்பம்மாள் பேத்திக்குக் காதுகுத்தியபோது. இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

பெயர் வைக்க முனைவர் வேணி வந்தார்.

வேணி மேடம் விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். நல்ல சுறுசுறுப்பு. கெட்ட எண்ணம் கிடையாது. டெல்லியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆவணத் துறையில் பெண்கள் ஒருவரையொருவர் தெரியாமல் தனித்தனித் தீவுகளாக இருக்கிறார்கள் என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டார். இறங்கியதும் 'ஏடு மகளிர் வலையம்' பதிவு செய்யப்பட்டது. கடிதத்தாள், முத்திரை, ஓலைச்சுவடியைப் பிடித்த ஒரு கை படம். வளையல் போட்ட கை.

உறுப்பினர் படிவத்தில் இரண்டு பிரிவு. பட்டம் பெற்றவர் என்றால் வழிகாட்டி. மற்றவர் என்றால் பயிலுநர். முன்னனுபவம் என்று ஒரு கட்டம் இருந்தது, பக்கத்தில் சின்ன எழுத்தில்: அலுவலக ஆணை நகல் இணைக்கவும். ஜெசிந்தாவிடம் இருந்த ஒரே ஆணை பெருக்குவதற்கானது. கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அவளும் அவள் கூட்டாளிகள் மூன்று பேரும் சேர்ந்தார்கள். ஜெசிந்தா சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் ரெக்கார்டு கிளார்க் இடத்தை நிரப்பப் போவதாக அறிவிப்பு வந்திருந்தது. பத்தாம் வகுப்பு, ஆவண அறையில் ஐந்து வருட அனுபவம், உள்ளே இருக்கிறவர்களுக்கு முன்னுரிமை. வயது ஐம்பத்திரண்டுக்குள். அடுத்த தையில் அவளுக்கு ஐம்பத்திரண்டு முடிகிறது. பதினேழு வருடமாகப் பக்கத்தில் நின்றுகொண்டே வேலை பார்த்த அந்த நாற்காலியில் உட்கார இதுதான் ஒரே தடவை.

கண்காணிப்பாளர் மாசிலாமணியிடம் போய் அனுபவச் சான்று கேட்டாள்.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னம்மா, உனக்கு நான் அப்படி எழுதிக்குடுத்தா, பெருக்க எடுத்த ஆளை ஏன் ரெக்கார்டு ரூம்ல விட்டீங்கன்னு ஆடிட்டுல என்னைக் கேப்பான்."

"விட்டது நீங்கதான சார்."

"அதான் சொல்றேன்." அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "வெளியில ஏதாச்சும் பதிவு பண்ண அமைப்பு, இந்தத் துறையில இருக்கிறது, ஒரு சர்டிபிகேட் குடுத்தா நான் சேத்துக்கலாம். அதுக்கு என் கையெழுத்து வேணாம் பாரு."

வேணி மேடத்திடம் கேட்டபோது அவர் ஜெசிந்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கண்டிப்பா ஜெசிந்தாம்மா. இதுக்குத்தான் நெட்வொர்க். ஆறு மாசப் பயிற்சி முடிங்க. சான்றிதழை நானே கொண்டுவந்து உங்க ஆபீஸ்ல தரேன்."

ஆறு மாதமும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஜெசிந்தா விழுப்புரம் பஸ் ஏறினாள். கட்டுத்துணியை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து துவைத்தாள்.

முதல் கூட்டத்தில் நாற்பது பெண்களை வட்டமாக நிற்கவைத்து, ஒரு சிவப்பு உல்லன் நூற்கண்டைக் கையில் கொடுத்தார்கள். பெயர் சொல்லி, நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கண்டை எதிரில் இருப்பவரிடம் வீசவேண்டும். கடைசியில் நடுவில் ஒரு வலை உண்டாகும். உண்டானது. வேணி மேடம் நாற்காலி மேல் ஏறி மேலிருந்து படம் எடுத்தார். அதன்பிறகு எல்லோரும் அப்படியே நூலைக் கீழே போட்டுவிட்டுப் பஜ்ஜி சாப்பிடப் போனார்கள். ஜெசிந்தாவும் குப்பம்மாளும் தரையில் உட்கார்ந்து சிக்கு எடுத்தார்கள். முக்கால் மணிநேரம் ஆனது. பஜ்ஜி தீர்ந்துவிட்டது.

"நல்ல நூலுடி" என்றாள் குப்பம்மாள், கண்டை மடியில் போட்டுக்கொண்டு. "பேத்திக்குக் குல்லா பின்னலாம்."

இரண்டாவது கூட்டம், சுய அறிமுகம். லிஃப்டில் ஒரு பெரிய அதிகாரியோடு ஏறுகிறோம், நாலாவது மாடிக்குப் போவதற்குள் நம்மைப் பற்றி அவரிடம் சொல்லி முடித்துவிட வேண்டும். அதற்குச் சென்னையிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார்.

குப்பம்மாள் கை தூக்கினாள். "எங்க ஆபீசு ஒரே மாடிங்க. லிஃப்டு இல்லீங்க."

"கற்பனை பண்ணிக்கோங்க."

"பெரிய ஆபீசரு மாடிக்கே வரமாட்டாருங்க. முட்டி வலி. ஃபைலுதான் கீழ போவும்."

குப்பம்மாளின் முறை வந்தபோது அவள் எழுந்து, "வணக்கம் சார், நான் குப்பம்மாள், தண்ணி வேணுமா சார்?" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நாலு மாடிக்கு அது போதும் என்பது அவள் கருத்து.

வாட்ஸப் குழு வேறு இருந்தது. காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ. யாராவது எங்காவது பேசினால் நாற்பது வாழ்த்து, கைதட்டும் கை. ஒருநாள் குப்பம்மாள், பழக்கதோஷத்தில், அதில் கேட்டுவிட்டாள்: 'எழுபத்தொம்போது கட்டு ஒண்ணு கெடைக்கல, யாருக்காச்சும் தெரியுமா?' அதற்கு முப்பத்தாறு பேர் 'வாழ்த்துகள்' என்று போட்டார்கள். மூன்று பேர் 'மென்மேலும் வளர்க' என்றார்கள். வேணி மேடம் தனியாகக் கூப்பிட்டு, அலுவலக விஷயங்களைக் குழுவில் பேசக் கூடாது, அது தொழில்முறை வளர்ச்சிக்கான இடம் என்று அன்பாகச் சொன்னார். போனில் மத்தியானம் நாலு பேரும் பேசிக்கொள்வதும் கொஞ்சம் குறைந்தது. எல்லோரும் குழுவில் இருக்கிறோமே, தனியாக எதற்கு என்று வானூர்க்காரி நினைத்தாள். கேட்டால் தப்பாகிவிடுமோ என்று செஞ்சிக்காரி நினைத்தாள்.

ஜெசிந்தாவுக்கு வழிகாட்டியாக வந்தவள் தஸ்லீமா. கோட்டக்குப்பத்துப் பெண், இருபத்தெட்டு வயது. அப்பா இப்ராஹிம் ஷா இருபது வருடம் துபாயில் கடையில் நின்று படிக்கவைத்தார். பட்டம் வாங்கி, ஆவணக் காப்பில் டிப்ளமாவும் முடித்து, வேணி மேடத்தின் ப்ராஜெக்டில் பழைய தாள்களை ஸ்கேன் எடுக்கிற வேலை. வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை. நீட்டிப்பது வேணி மேடம்.

முதல் நாள் தஸ்லீமா நோட்டும் பேனாவுமாகத் திண்டிவனம் ரெக்கார்டு ரூமுக்கு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் படிச்சதுதான். நனைஞ்ச பேப்பர நான் தொட்டதே இல்ல. எங்க ப்ராஜெக்ட்ல ரெண்டு பெட்டி நனைஞ்சு போச்சு. மேடத்துக்கு இன்னும் சொல்லல. வெயில்ல போடலாமா?"

"வெயில்லயா? அப்பளமாட்டம் பொரிஞ்சிக்கும். இங்க வா."

காண்பித்தாள். பெட்டி பிழைத்தது. அடுத்த மாதம், நாற்பது வருடத்துக்கு முந்தைய குமாஸ்தாக்களின் கையெழுத்தைப் படிப்பது எப்படி என்று காண்பித்தாள். ஒரு குமாஸ்தாவுக்கு 'ற'வும் 'ந'வும் ஒன்றாகவே விழும். அவர் எழுதியதில் எந்த ஊரில் எந்தக் கிணறு என்று தெரிந்தால்தான் வார்த்தை பிடிபடும். அதற்கடுத்த மாதம், ஃபைல் முதுகில் இருக்கிற குறி. ஒரு வருடத்தில் கிழித்துவிடலாம் என்று குறி போட்ட ஃபைலைக் கிழிக்கச் சோம்பல்பட்டு நாற்பது வருடம் வைத்திருப்பார்கள், நிரந்தரமாக வைக்கவேண்டும் என்று குறி போட்டதை எலி தின்றிருக்கும். அதனால் குறியைப் பார்த்து நம்பாதே, முடிச்சைப் பார்: அடிக்கடி கேட்கிற கட்டில்தான் முடிச்சு தேய்ந்திருக்கும். தஸ்லீமா நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். வரும்போது வீட்டிலிருந்து, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலப்பம் கொண்டுவருவாள். ஜெசிந்தா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வேகவைத்துக் கொடுத்தனுப்புவாள்.

மாதக் கடைசியில் ஒரு படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். அதில் ஒரே ஒரு தலைப்பு: 'இந்த மாதம் வழிகாட்டி பயிலுநருக்குக் கற்பித்தது.' கீழே ஐந்து கோடு.

முதல் தடவை தஸ்லீமா பேனாவை வைத்துக்கொண்டு விழித்தாள்.

"அக்கா, இதுல இன்னா எழுதறது? நீங்கதான எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க. அதுக்கு எடமே இல்ல."

"தலைகீழா பிடிச்சுக்கினு எழுது" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசலில் துரைக்கண்ணு தும்மினார். மறுபடி சிரித்தார்கள்.

"எழுதும்மா. நனைஞ்ச பேப்பர ஒலர்த்தறதுன்னு எழுது. எந்தக் கட்டத்துல எழுதுனா இன்னா, பேப்பர் ஒலந்துச்சு இல்ல?"

எழுதினாள். 'நனைந்த தாளை உலர்த்துதல்.' ஜெசிந்தா கீழே, பயிலுநர் என்று அச்சிட்டிருந்த இடத்தில், கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும். அன்றன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை அன்றன்றைக்குத் தான் கற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவது பழகிவிட்டது. பதினேழு வருடமாக ஒரு வார்த்தை பிசகாமல் தாள்களைப் படித்த பெண், தன் பெயர் போட்ட தாளை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். வழக்கமாக அலுவலகத்தில் மற்றவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

ஐந்தாவது மாதம் புடவைக் கணக்கைச் சொல்லித்தர உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு ஊர்ப்பக்கம். தஸ்லீமா படிவத்தைப் பார்த்தாள்.

"அஞ்சு கோடுதான்க்கா இருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாமா? பஸ்ஸுக்கு நேரமாவுது." படிவத்தில் 'கலர் கோடிங்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஆறாவது மாதம் புதுச்சேரியில் கருத்தரங்கு. தஸ்லீமா அங்கே வரவேற்பு மேசையில் இருந்தாள். புடவைக் கணக்கு நின்றுவிட்டது.

நிறைவு விழாவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, வேணி மேடம் தஸ்லீமாவோடு திண்டிவனம் வந்தார். அன்றைக்குத்தான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஜெசிந்தா காலையிலிருந்து இரண்டு தடவை முகம் கழுவியிருந்தாள். கண்காணிப்பாளர் அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தபோது அவள் கட்டுத்துணிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே போனாள்.

சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தது. வேணி மேடம் ஒரு பக்கம் பிடித்தார், ஜெசிந்தா மறுபக்கம் பிடித்தாள், தஸ்லீமா போனில் படம் எடுத்தாள். இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார் மேடம். சிரித்தாள். படம் குழுவில் போனது. மூன்று பெண்களின் போனிலும் வாழ்த்துகள் வந்து விழத் தொடங்கின.

மாசிலாமணி சட்டத்தை வாங்கி, விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டுமே என்று, பின்பக்க ஆணியைத் திருகித் தாளை உருவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'திருமதி ஜெசிந்தா, ஆவணப் பராமரிப்பில் முன்னனுபவம் ஏதுமற்ற நிலையில் இவ்வலையத்தில் இணைந்து, ஆறு மாத காலத் தொடக்கநிலைப் பயிற்சியில், நனைந்த தாளை உலர்த்துதல், பழைய கையெழுத்தை வாசித்தல், கோப்புக் குறிகளை அறிதல் ஆகியவற்றை வழிகாட்டி செல்வி தஸ்லீமாவிடம் கற்றுத் தேர்ந்தார்.'"

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் எதுவும் இல்லை.

"என்னம்மா இது? இதும்படி பாத்தா நீ சித்திரையிலதான் ரெக்கார்டு ரூமுக்குள்ளயே வந்திருக்கே."

ஜெசிந்தா வேணி மேடத்தைப் பார்த்தாள். "மேடம், பதினேழு வருஷம்னு ஒரு வரி போடணும்."

"எதை வெச்சுப் போடறது ஜெசிந்தாம்மா?" வேணி மேடத்தின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்க ஃபார்ம்ல முன்னனுபவம் காலியா இருக்கு. மாசாமாசம் நீங்களே கையெழுத்துப் போட்டு, கத்துக்கிட்டேன்னு குடுத்திருக்கீங்க. நாம ஆவணத் துறையில இருக்கோம். எழுத்துல இல்லாததை நாமளே எழுதிட்டா அப்புறம் நமக்கும் மத்தவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"நான்தான் அந்தப் பொண்ணுக்கு..." என்று தொடங்கி ஜெசிந்தா நிறுத்தினாள். தஸ்லீமாவைப் பார்த்தாள்.

தஸ்லீமாவின் முகம் சிவந்துவிட்டது. "சார், அது வந்து... ஃபார்ம்ல வேற கட்டம் இல்ல சார். அக்கா சொன்னதத்தான் நான்..."

"அத எழுத்துல குடுக்கிறியாம்மா?" மாசிலாமணி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நகர்த்தினார். "நான் கத்துக்குடுக்கல, அவங்கதான் எனக்குக் கத்துக்குடுத்தாங்க, இந்தச் சர்டிபிகேட் தப்புன்னு. இன்னிக்குள்ள குடுத்தா சேத்துக்கிறேன்."

தஸ்லீமா பேனாவைக்கூட எடுத்தாள். அப்போது வேணி மேடம் அவளை ஒருமுறை பார்த்தார். கோபமாக இல்லை. ஆறு மாத அறிக்கை, அதில் இருபது வழிகாட்டி-பயிலுநர் ஜோடிகள், அதை நம்பி அடுத்த வருட ப்ராஜெக்ட், அதில் ஸ்கேன் எடுக்க ஒரு ஆள்: எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. தஸ்லீமா பேனாவை மூடி, எதையோ தேடுகிற மாதிரி கைப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

ஜெசிந்தாவுக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற வேலை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் வழிகாட்டத் தேவையில்லை.

"அப்ப இந்த இடம் யாருக்கு சார்?"

மாசிலாமணி இன்னொரு விண்ணப்பத்தைத் தொட்டார். "துரைக்கண்ணு போட்டிருக்கார். பதினோரு வருஷம் ரெக்கார்டு ரூம் பொறுப்பு. உத்தரவு நகல் இருக்கு. வருகைப் பதிவேடு இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

சங்கடமான பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வேணி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சார், நாளைக்கு விழாவுல கண்காட்சி வெக்கிறோம். போன வாரம் சொன்னேனே, இரும்பை கிராமத்து ஏரி மேப். கையால கலர் தீட்டினது. சீஃப் கெஸ்ட் அதைத் திறந்துவைக்கறதா இன்விடேஷன்லயே போட்டாச்சு. இப்ப எடுத்துக் குடுத்தா கையோட கொண்டுபோயிடுவேன்."

"அதுக்கென்ன மேடம். எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க." மாசிலாமணி மணியை அடித்தார். "துரைக்கண்ணு."

துரைக்கண்ணு வாசற்படியில் வந்து நின்றார். டீ வாசனையும் வந்தது.

"இரும்பைக் கட்டு. ஏரி மேப் உள்ளது. ஜல்தியா எடுத்துட்டு வாங்க."

துரைக்கண்ணு தலையைச் சொறிந்தார். "எந்த ரேக்குங்க சார்?"

"நீங்கதானய்யா பொறுப்பு."

"பொறுப்பு நான்தான் சார். சீட்டெல்லாம் புயல்ல கரைஞ்சு போச்சு. எல்லாத்துலயும் பொடவையக் கிழிச்சுக் கட்டிக்கினு கெடக்குது. ஆயிரத்துக்கு மேல கீது. ஒண்ணொண்ணா அவுத்துப் பாத்தா பொங்கல் வந்துடும். எனக்கு டஸ்ட் வேற ஒத்துக்காது, பேஜாரு சார்." தூசியின் பெயரைச் சொன்னதற்கே ஒரு தும்மல் வந்தது.

வேணி மேடம் தஸ்லீமாவிடம் திரும்பினார். "நீ அஞ்சாவது மாசம் கலர் கோடிங் எடுத்தேன்னு அறிக்கையில இருக்கே? இரும்பை எந்தக் கலர்?"

"அன்னிக்கு... பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு மேடம்" என்றாள் தஸ்லீமா, கைப்பைக்குள்ளிருந்து தலையைத் தூக்காமல்.

மூன்று பேரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். துரைக்கண்ணுவும் பார்த்தார், தன் அறையைப் பற்றிய விஷயம் என்பதால்.

இரும்பைக்கு மயில்கழுத்து நிறம். அவளுக்குக் கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸுக்கு அந்தோணிசாமி எடுத்துக்கொடுத்தது. வடக்குச் சுவர், மூன்றாவது ரேக், மேலிருந்து இரண்டாவது தட்டு. கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பாள். அந்த மேப்பில் ஏரிக்கரையோரம் பச்சை கொஞ்சம் ஊறியிருக்கும், அவள்தான் பஞ்சை வைத்து ஒற்றி எடுத்தாள்.

மேசையில் சட்டத்திலிருந்து உருவிய சான்றிதழ் கிடந்தது. ஜெசிந்தா அதை எடுத்து நாலாக மடித்தாள். மடித்ததைப் பைக்குள், அழுக்குச் சிவப்புத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். பிறகு யோசித்து, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மாசிலாமணியின் மேசை ஓரத்தில் அடுக்கினாள். இருபது துணி. புழுதி எழுந்தது. துரைக்கண்ணு இரண்டு அடி பின்னால் போனார்.

"துணி யாராச்சும் தொவைக்கணும் சார்" என்றாள். "தனி வாளியில போடச் சொல்லுங்க. சாயம் போவும்."

"ஜெசிந்தாம்மா, ஒரு நிமிஷம்" என்றார் வேணி மேடம். "அந்த இரும்பை, எந்தப் புடவை? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்க பேரைக் கண்காட்சியில போடறேன். சின்னதா கீழ போட்டுடலாம். ஜெசிந்தாம்மா?"

ஜெசிந்தா சான்றிதழ் மட்டும் மிஞ்சிய பையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசலில் துரைக்கண்ணு ஒதுங்கி வழிவிட்டார்.

"பச்சையா? மஞ்சளா?" என்றார் வேணி மேடம்.

வெளியே, படிக்கட்டில், அவள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.